மார்கழிப் பனியில் காரின் மேல் ஒரு வீடு: கடலூர் - சிதம்பரம் பக்கம் நனையாமல் தூங்குவது எப்படி?

ஆருத்ரா தரிசனத்துக்கு முந்தைய இரவில் சிதம்பரம் சரியாகத் தூங்குவதில்லை. மூலவரே வீதிக்கு வரும் கோயில் இது. பகலெல்லாம் தேரில் நான்கு வீதிகளையும் சுற்றிவந்த நடராஜரும் சிவகாமி அம்மனும் அன்றிரவு ஆயிரங்கால் மண்டபமான ராஜசபையில் இருப்பார்கள். விடிவதற்கு முன்பே மகா அபிஷேகம் நடக்கும். அதைப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவர்களில் அறை கிடைக்காதவர்களும், அறைக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்களும் கடை வாசல்களிலும் திண்ணைகளிலும் நிறுத்தி வைத்த வேன்களின் ஓரத்திலும் படுத்திருப்பார்கள்.

அவர்களில் வயதான பெண்கள் படுக்கை விரிப்பதைக் கவனித்தால் ஒரு வரிசை தெரியும். முதலில் தார்ப்பாய் அல்லது பிளாஸ்டிக் சாக்கு. அதன்மேல் கோரைப்பாய். அதற்கும் மேல்தான் ஜமுக்காளமும் போர்வையும். தலையைச் சுற்றி ஒரு துண்டு. ‘வெறுந்தரையில படுக்காதடா, ஈரம் ஏறும்’ என்று பேரனுக்கு ஓர் அதட்டல். அவ்வளவுதான் ஏற்பாடு. காலையில் போர்வையின் மேல்புறம் பனியில் நனைந்திருக்கும். உள்ளே படுத்தவரின் உடம்பு காய்ந்திருக்கும்.

இப்போது இந்தச் சாலையில் வேறு வகைப் பயணிகளும் வருகிறார்கள். காரின் தலையில் சூட்கேஸ் போல ஒரு பெட்டி இருக்கும். நிறுத்திய இடத்தில் அதைத் திறந்தால் சில நிமிடங்களில் ஒரு கூடாரம் எழுந்து நிற்கும். ஏணியைச் சாய்த்து ஏறிவிட்டால் மெத்தை, ஜன்னல், கொசுவலை எல்லாம் தயார். இதுதான் ரூஃப்டாப் டென்ட். 1950களின் இறுதியில் இத்தாலியில் விற்பனைக்கு வந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று பரவிய பழக்கம், இப்போது நம்மூர் நெடுஞ்சாலைகளிலும் எட்டிப் பார்க்கிறது.

தரையில் ஊறும் ஈரம் எட்டாது, பூச்சி பொட்டு பயமில்லை என்பதுதான் இதன் பெரிய வசதி. ஆனாலும் இந்தக் கடற்கரையில் முதன்முறை இதில் தூங்குகிறவர்கள் பலர் அதிகாலை மூன்று மணிக்கு நடுங்கி எழுந்துகொள்வார்கள். மெத்தை ஈரமாக இருக்கும். முகத்தில் சொட்டு விழும். மழையே பெய்திருக்காது!

20 டிகிரியில் ஏன் நடுக்கம்?

கடலூரில் மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இங்கே குளிரைத் தீர்மானிப்பது தெர்மாமீட்டர் மட்டும் அல்ல, காற்றிலுள்ள ஈரமும்தான்.

ஒரு பக்கம் வங்கக் கடல். இன்னொரு பக்கம் வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகள், வாய்க்கால்கள், நெல் வயல்கள். மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஈரம் முழுக்கக் காற்றில் நிற்கும். வானம் தெளிந்த இரவில் காரின் கூரையும் கூடாரத் துணியும் தம் சூட்டை வானத்தை நோக்கி இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். குளிர்ந்த துணியில் காற்றிலுள்ள ஈரம் பனியாகப் படியும். இது வெளியிலிருந்து வரும் தண்ணீர்.

உள்ளிருந்து வருவது இன்னொன்று. தூங்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இரவு முழுக்க வெளியேறும் ஈரத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். அப்பா, அம்மா, ஒரு பிள்ளை படுத்தால் மூன்று டம்ளர். குளிருக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் இழுத்து மூடினால் அத்தனையும் உள்பக்கத் துணியில் முத்து முத்தாகக் கோத்து, பிறகு மெத்தையில் சொட்டும். மழைநாளில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் நான்கு பேர் உட்கார்ந்தால் கண்ணாடி மங்குகிறதே, அதே கதைதான்.

நனைந்த உடம்பிலிருந்து சூடு பறந்துவிடும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் காய்ந்த போர்வைக்குள் சுகமாக இருக்கும் அதே 20 டிகிரி, ஈரமான பனியனுக்குள் பல்லைக் கிட்ட வைக்கிறது. இந்தப் பக்கம் குளிரை வெல்ல வேண்டுமானால் முதலில் ஈரத்தை வெல்ல வேண்டும். தடிமனான கம்பளி வாங்குவது அதற்குப் பிறகுதான்.

ஜன்னலைத் திறந்தால்தான் சூடு

கேட்க முரணாக இருக்கும். ஆனால் முதல் விதி இதுதான்: ஜன்னலை முழுக்க மூடாதீர்கள். மார்கழியில் வாடைக்காற்று வடக்கு, வடகிழக்கிலிருந்து வரும். காரை நிறுத்தும்போதே கூடாரத்தின் வாசல் அந்தப் பக்கம் பார்க்காதபடி நிறுத்திவிட வேண்டும். காற்று அடிக்கும் பக்க ஜன்னலில் நான்கு விரற்கடையும், எதிர்ப்பக்க ஜன்னலின் மேல்பகுதியில் ஒரு சாணும் திறந்திருந்தால் போதும். மூச்சுக் காற்று வெளியேற வழி கிடைக்கும். மழை வந்தாலும் மேல்துணி நீட்டிக்கொண்டிருப்பதால் சாரல் உள்ளே வராது. அந்த மேல்துணி உள்துணியில் ஒட்டாமல் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒட்டிய இடத்தில்தான் கசியும்.

இரண்டாவது, மெத்தைக்கு அடியில் கவனம். உடம்புச் சூடு மேலே, குளிர்ந்த பலகை கீழே என்பதால் நடுவில் மெத்தையின் அடிப்பக்கம் வியர்க்கும். இதைத் தடுக்க மெத்தைக்கடியில் விரிக்கும் வலைபோன்ற விரிப்பைக் கடைகளில் விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் கவலை வேண்டாம். தேர் வீதியில் பாட்டி விரித்த கோரைப்பாய் இருக்கிறது. கோரைகளுக்கு இடையில் காற்று நடமாடும். ஒரு பாயை அளவாக மடித்து மெத்தைக்கு அடியில் போட்டால் ஈரம் தங்காது.

மூன்றாவது, ஈரத்தை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கடலில் கால் நனைத்த பேன்ட், குளித்துவிட்டுப் பிழிந்த துண்டு, பனியில் நடந்த சாக்ஸ், செருப்பு எல்லாம் கீழே காருக்குள் இருக்கட்டும். பகல் முழுக்க வியர்த்த பருத்திச் சட்டையோடு படுப்பதும் தப்பு. பருத்தி ஈரத்தை விடாது. படுப்பதற்கு என்றே ஒரு காய்ந்த உடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பெண்கள் தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலோடு ஏறிவிட வேண்டாம். தலையணை நனைந்தால் இரவு முழுக்கத் தலையில் ஈரத்துணி போட்ட மாதிரிதான்.

எங்கே நிறுத்துவது?

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. இந்தச் சிறிய தூரத்துக்குள் மண் பலமுறை மாறுகிறது. கடலூரின் கேப்பர் மலை செம்மண் மேடு. 1918 நவம்பர், டிசம்பரில் பாரதியார் அடைக்கப்பட்டிருந்த சிறை உள்ள பகுதி. செம்மண்ணில் மழைநீர் சீக்கிரம் வடியும். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் கடலோரமாகச் சவுக்குத் தோப்புகளும் மணலும். மணலும் நீரைப் பிடித்து வைக்காது. சிதம்பரத்தை நெருங்கினால் வயல் சூழ்ந்த களிமண். ஒரு மழைக்குப் பிறகு அதில் காரை இறக்கினால், காலையில் டிராக்டர் தேட வேண்டியிருக்கும்.

இரவு தங்க நல்ல இடம், உரிமையாளரிடம் அனுமதி கேட்ட ஒரு தோப்பு, அல்லது விடுதியின் வளாகம். மரத்தடியில் பனி குறைவாக விழும். இலைகள் வானத்துக்கும் கூடாரத்துக்கும் நடுவே கூரைபோல நிற்பதே காரணம். ஆனால் தென்னை மரத்தடி கூடவே கூடாது. காய்ந்த கிளை தொங்கும் மரமும் வேண்டாம்.

இன்னொரு மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்ததே அதுதான். ஊரிலிருந்து சுமார் 15 கி.மீ தூரத்தில் உள்ள பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் சுரபுன்னையோடு தில்லை மரமும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். பிச்சாவரத்தில் படகில் ஏறி, வேர்கள் விழுதுபோல இறங்கும் நீர்ச்சந்துகளைப் பகலில் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அது காப்புக்காடு. கூடாரம் போடும் இடம் அல்ல.

கடற்கரை மணலில் தூங்குவது எல்லோருக்கும் ஆசைதான். தேவனாம்பட்டினம் சில்வர் பீச் அழகானது. பக்கத்தில், ஆங்கிலேயர் 1690-ல் விலைக்கு வாங்கிய புனித டேவிட் கோட்டையின் மிச்சம். கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழுந்த தூரம் வரை அவர்களுக்குச் சொந்தம் என்று எல்லை பிரித்த கதையைக் ‘குண்டு உப்பலவாடி’ என்ற ஊர்ப்பெயர் இன்றும் சொல்கிறது. மாலையில் அங்கே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடலாம். இரவுக்கு உள்ளே வந்துவிட வேண்டும்.

அதற்குக் காரணம் வெறும் உப்புக் காற்று அல்ல. 2004 டிசம்பர் 26, மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை வந்த சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தேவனாம்பட்டினம் அந்த அலையை நேராக வாங்கிய ஊர்களில் ஒன்று. இந்த மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஒரு கட்டுரை, சதுப்புநிலக் காடும் சவுக்கு மரங்களும் அடர்ந்து நின்ற இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைந்திருந்ததைப் பதிவு செய்தது. கடலுக்கும் படுக்கைக்கும் நடுவே மரங்கள் இருப்பது பனிக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் நல்லது.

ஆற்றோரமும் அப்படித்தான். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று எங்கெங்கோ பெய்த மழையெல்லாம் இந்த மாவட்டத்தின் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது, திருவண்ணாமலை மாவட்டத்தின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் இறங்கிவந்து கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளை மூழ்கடித்தது. தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் காலடியில் வெள்ளம் வரலாம். மணல் திட்டு அழகாக இருக்கிறதே என்று ஆற்றுக்குள் காரை இறக்குவது விளையாட்டு அல்ல.

நெருப்பு கீழே, சூடு வயிற்றில்

குளிர்கிறதே என்று கூடாரத்துக்குள் கரி அடுப்பையோ, சிறிய கேஸ் அடுப்பையோ, சாம்பிராணிக் கரண்டியையோ ஏற்றிவிடாதீர்கள். அடைத்த இடத்தில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மலைவாசஸ்தலங்களில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளைப் படித்திருக்கிறோம். கீழே நெருப்பு மூட்டினாலும் காரிலிருந்து தள்ளி, காற்று கூடாரத்தின் பக்கம் வீசாத திசையில் மூட்ட வேண்டும். படுக்கும் முன் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும்.

சூடு வேண்டுமானால் அதைத் தண்ணீரில் கொண்டுபோகலாம். வெந்நீர்ப் பையை, அல்லது மூடி இறுகிய பாட்டிலில் ஊற்றிய வெந்நீரை, ஒரு துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் நள்ளிரவு தாண்டி இதம் இருக்கும். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி. படுக்கும் முன் வயிறு நிறையச் சூடான சாப்பாடு. உடம்பு அதைச் செரிக்கும்போது உள்ளிருந்தே சூடு பிறக்கும்.

இந்த ஊருக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. திருவாதிரை அன்று வீடுகளில் களி கிண்டுவார்கள். வறுத்து உடைத்த அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், நெய் சேர்ந்த களி. தொட்டுக்கொள்ள ஏழு காய் போட்ட கூட்டு. சேந்தனார் அன்போடு கொடுத்த களியை நடராஜர் விரும்பி ஏற்றார் என்பது ஊர் சொல்லும் கதை. மார்கழி விடியலுக்கு இதைவிடப் பொருத்தமான சாப்பாடு இருக்க முடியாது. சிதம்பரத்துக்கே உரிய சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் அப்படித்தான். மிளகு மணக்கும் ஒரு பிடி உள்ளே போனால் காதோரம் சூடாகிவிடும்.

தாத்தா பாட்டி எங்கே படுப்பது?

குடும்பத்தோடு போகிறவர்கள் முன்பே முடிவு செய்ய வேண்டிய கேள்வி இது. பனியில் நனைந்த ஏணி வழுக்கும். இரவில் இரண்டு முறை எழுந்து போகிறவர்களுக்கும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கூடாரம் வேண்டாம். அவர்களுக்குக் கோயிலுக்கு அருகில் ஓர் அறை, முடியாவிட்டால் காரின் பின்சீட்டு. அங்கும் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைக்க வேண்டும். ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் இதே கணக்குதான்.

காரின் கணக்கும் உண்டு. கூடாரமே 50 முதல் 70 கிலோ இருக்கும். ஓடும்போது கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

கூண்டு ஏறினால் வீடு திரும்புங்கள்

கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், கூடாரத்தைத் திறக்கவே வேண்டாம். உயரத்தில் விரிந்திருக்கும் துணி காற்றுக்குப் பாய்மரம். பயணத்தைத் தள்ளிப்போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

2011 டிசம்பர் 30 அதிகாலை, இதே மார்கழியில், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி பக்கம் தலைமுறை தலைமுறையாக நின்ற பலா மரங்களும் முந்திரிக் காடுகளும் வேரோடு சாய்ந்தன. குடிசைகளின் கூரை பறந்தது. பல கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த இரவுகளில் தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு படுத்தவர்கள், அனுபவம் தேடி வெட்டவெளிக்கு வந்தவர்கள் அல்ல. தரைக்கு மேலே படு, அடியில் காய்ந்ததை விரி, தலையை மூடு, சூடாக ஏதாவது சாப்பிடு என்ற பாடமெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. இன்று ஏணியும் மெத்தையுமாக விலைக்குக் கிடைக்கும் வசதியின் அடிப்படையும் அதேதான். ஒரு வித்தியாசம் உண்டு. கூடாரம் பிடிக்காவிட்டால் காரில் வந்தவர்கள் வீட்டுக்குப் போய்விடலாம்.

அணையாத அடுப்பு

மார்கழி முடிந்து தை பிறந்தால் வானம் தெளியும், மழை குறையும், பனி இன்னும் கனக்கும். கூடாரத்தோடு முதன்முறை வருகிறவர்களுக்கு மார்கழியைவிடத் தை நல்ல மாதம். தைப்பூசத்துக்குக் கடலூரிலிருந்து சுமார் 35 கி.மீ தூரத்தில் உள்ள வடலூரில் கூட்டம் நிறையும். வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி தரிசனம் காட்டுவார்கள். முதல் தரிசனம் காலையில். கடைசித் தரிசனம் மறுநாள் விடியலில். நடுவில் உள்ள இரவைப் பெருவெளியில் திறந்த வானத்தின் கீழ் கழிப்பவர்கள் ஏராளம்.

பக்கத்திலேயே தருமசாலை. பசித்து வந்தவருக்குச் சோறு போட வேண்டும் என்று வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பனி இரவில் நடுங்கி வருகிறவரிடம் ஊர் கேட்பதில்லை, பெயர் கேட்பதில்லை. இலையில் ஆவி பறக்கும் சோறு விழும்.

காலையில் வெயில் ஏறியதும், கூடாரத்தோடு வந்தவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கும். ஈரத்தோடு மடித்த துணியில் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். உப்புக் காற்று ஜிப்பை அரிக்கும். வீடு திரும்பியதும் கூடாரத்தைத் திறந்து, ஜிப்பை நல்ல தண்ணீரில் துடைத்து, மெத்தையை மொட்டை மாடியில் நிறுத்தி, வடகம் காயப்போடுவதுபோல் ஒரு முழு வெயில் காட்ட வேண்டும். மெத்தைக்கு அடியில் விரித்த கோரைப்பாயையும் மறக்காமல் உதறிக் காயவையுங்கள். அடுத்த மார்கழிக்கும் அது வேண்டும்.